‘தி ட்விஸ்ட்’ யாருடைய பாட்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் அண்ட் ரோல் பற்றிப் பேச்சு வந்தால் ‘தி ட்விஸ்ட்’ வந்துவிடும், கூடவே ஒரு சின்ன சண்டையும் வந்துவிடும். ஒருவர் அது சப்பி செக்கர் பாட்டு என்பார், அடுத்தவர் சுத்தத் திருட்டு என்பார், மூன்றாமவர் பீட்டில்ஸ் பாடியதுதானே என்று கேட்டு இரண்டு பேரையும் கடுப்பேற்றுவார். இதே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்ப வாயால் பதில் சொல்வதைவிட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முதல்ல, ‘தி ட்விஸ்ட்’னா எந்தப் பாட்டு? நான் கேட்டிருக்கேனா?

பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. "வா, ட்விஸ்ட் ஆடலாம்" என்று ஒரு பெண்ணை ஆட்டத்துக்குக் கூப்பிடுகிற, இரண்டரை நிமிடத்துக்குச் சற்று கூடுதலான ஆங்கிலப் பாட்டு. கதை, சோகம், தத்துவம் எதுவும் கிடையாது. அப்பா தூங்குகிறார், அம்மா வீட்டில் இல்லை, நாம் ஆடலாம், என் தங்கை ஆடுவதை நீ பார்க்கணும், அவ்வளவுதான் விஷயம்.

உலகம் முழுக்கப் பரவியது 1960இல் சப்பி செக்கர் பாடிய பதிவு. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அந்தப் பட்டியலின் 50ஆவது ஆண்டில், 2008இல், அதுவரை வந்த பாட்டுகளிலேயே பெரிய வெற்றி எது என்று கணக்குப் போட்டபோதும் இதுதான் முதலில் நின்றது.

அப்போ எழுதினது சப்பி செக்கர்தானே?

இல்லை. எழுதியவர் என்று பதிவாகியிருக்கும் ஒரே பெயர் ஹாங்க் பாலார்ட். அவரும் அவருடைய மிட்நைட்டர்ஸ் குழுவும் 1958 நவம்பர் 11 அன்று சின்சினாட்டியில் இதைப் பதிவு செய்தார்கள், 1959 தொடக்கத்தில் இசைத்தட்டாக வந்தது. செக்கர் பாடியது அதற்குப் பிறகு.

ஹாங்க் பாலார்டா? பேரே கேள்விப்பட்டதில்லையே.

அதுதான் இந்தக் கதையின் சோகம். 1927இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், வளர்ந்தது அலபாமாவில். மறுபடி டெட்ராய்ட்டுக்கு வந்து ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது 1953இல் ராயல்ஸ் என்ற பாட்டுக் குழுவில் சேர்ந்தார். ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் குழப்பம் வரக்கூடாதென்று 1954இல் மிட்நைட்டர்ஸ் என்று பெயரை மாற்றினார்கள்.

அந்த வருடமே ‘ஒர்க் வித் மீ, ஆனி’ என்று ஒரு பாட்டு, பாலார்ட் எழுதியது. கறுப்பின மக்களின் இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. "வேலை செய்" என்று அவர் எதைச் சொல்கிறார் என்பது கேட்ட எல்லோருக்கும் புரிந்ததால் பல வானொலி நிலையங்கள் போட மறுத்துவிட்டன. அதனால் தட்டு இன்னும் அதிகமாக விற்றது. அடுத்து ஆனிக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று இன்னொரு பாட்டே போட்டுவிட்டார்கள்! ஆக, ‘தி ட்விஸ்ட்’டுக்கு முன்பே இவர் பெரிய ஆள், ஆனால் வில்லங்கமான ஆள் என்ற பெயரும் கூடவே இருந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு நல்ல பாட்டு முதல் தடவையே ஏன் பெருசா ஓடல?

பின்பக்கத்தில் போட்டுவிட்டார்கள், அதனால்தான். அந்தக் கால 45 தட்டில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டில், இரண்டு பக்கம் உண்டு. நிறுவனம் எந்தப் பக்கம் ஓடும் என்று நம்புகிறதோ அது ஏ பக்கம், சும்மா நிரப்புவதற்குப் போடுவது பி பக்கம். வானொலிக்காரர்கள் பெரும்பாலும் ஏ பக்கத்தைத்தான் போடுவார்கள்.

பாலார்டுக்கு ‘தி ட்விஸ்ட்’தான் ஓடும் என்று நம்பிக்கை. ஆனால் கிங் ரெக்கார்ட்ஸில் தயாரிப்பாளராக இருந்த ஹென்றி குளோவர் ‘டியர்டிராப்ஸ் ஆன் யுவர் லெட்டர்’ என்ற மெதுவான காதல் சோகப் பாட்டை முன்பக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? குளோவரேதான். சொந்தப் பாட்டு மேல் பாசம் இருக்காதா! அதற்காக அவரை வில்லனாக்கவும் முடியாது. அந்தச் சோகப் பாட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் 4ஆவது இடம் வரை போனது, பின்பக்கத்து ‘தி ட்விஸ்ட்’ 16 வரை. தட்டு விற்ற கணக்குப்படி குளோவர் செய்தது சரிதான்.

மெட்டு பாலார்டோட சொந்தமா? வேற பாட்டுல கேட்ட மாதிரி இருக்கே.

காது நல்ல காதுதான். மிட்நைட்டர்ஸே 1957இல் ‘இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்’ என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துக் கேட்டால் ‘தி ட்விஸ்ட்’டின் மெட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், வார்த்தைதான் வேறு. அந்தப் பாட்டுக்கும் முன்னால், 1955இல் டிரிஃப்டர்ஸ் குழு வெளியிட்ட ‘வாட்சா கோனா டூ’ இருக்கிறது. அதையும் கேட்டீர்கள் என்றால் மூன்றும் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும்.

இதை இன்றைய கண்ணால் பார்த்துத் திருட்டு என்று சொன்னால் அந்தக் கால ஆர் அண்ட் பி இசையில் பாதியை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். ‘தி ட்விஸ்ட்’ அடிப்படையில் ஒரு 12 பார் புளூஸ். 12 அளவு தாளம், மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்), அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சட்டகம் யாருக்கும் சொந்தமில்லை. அதன் மேல் ஒரு பாடகர் போட்ட இழுப்பை இன்னொருவர் எடுப்பதும், தன் பழைய மெட்டுக்குத் தானே புது வார்த்தை போடுவதும் தினசரி நடந்தது. பாலார்டின் பங்கு, என் கணக்கில், அந்த மெட்டை ஆட்டத்தோடு கட்டிப்போட்டது. முந்தைய இரண்டு பாட்டிலும் அந்த அழைப்பு கிடையாது.

ஒரு தேவாலயப் பாடகர்தான் உண்மையில எழுதினார்னு சொல்றாங்களே?

இது சும்மா கிளம்பிய வதந்தி இல்லை, சொன்னவர் கூடவே இருந்த ஆள். மிட்நைட்டர்ஸின் கிட்டார் கலைஞர் கால் கிரீன் பிற்காலத்தில் சொன்னது இது: சென்சேஷனல் நைட்டிங்கேல்ஸ் என்ற கிறிஸ்தவ பக்திப் பாடல் குழுவின் ஜோ வாலஸ் இந்தப் பாட்டின் யோசனையைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு குழுவும் ஒரே ஹோட்டலில் தங்கியிருந்த சமயம். பக்திப் பாடல் பாடுகிறவர் இடுப்பை ஆட்டச் சொல்லிப் பாடினால் அவருடைய ரசிகர்கள் அத்தோடு தலைமுழுகிவிடுவார்கள், அதனால் அவரால் பதிவு செய்ய முடியாது. வந்தபோது வார்த்தைகள் அரைகுறைதான், கிரீனும் பாலார்டும் சேர்ந்து மிச்சத்தை நிரப்பி, கையிலிருந்த 1957 மெட்டில் உட்கார வைத்தார்கள் என்பது கிரீன் தரப்பு.

பாலார்ட் சொன்ன கதை வேறு. ஃபுளோரிடாவில் டாம்பா நகரத்துப் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்தேன் என்றும், மேடையில் என் குழுவினரே உடம்பைத் திருகி ஆடியதைப் பார்த்துத்தான் வரி தோன்றியது என்றும் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. ஒருவரிடமிருந்து ஒரு வரி, ஓர் ஊரிலிருந்து ஓர் ஆட்டம், பழைய மெட்டு ஒன்று, மூன்றும் ஒரே பாட்டில் சேர்வதில் முரண் ஒன்றும் இல்லையே. தாளில் மட்டும் ஒரே பெயர்.

டிக் கிளார்க் இதுக்குள்ள எப்படி வந்தாரு?

தெரியாதவர்களுக்கு: டிக் கிளார்க் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர். பிலடெல்ஃபியாவிலிருந்து ஒளிபரப்பு, 1957 ஆகஸ்டிலிருந்து நாடு முழுக்க. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் ஸ்டூடியோவில் பாட்டுக்கு ஆடுவார்கள், வீட்டில் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்வார்கள். அங்கே ஒரு பாட்டு பிடித்துக்கொண்டால் போதும், நாடே வாங்கும்.

1959இல் பால்டிமோரில் படி டீன் என்பவர் நடத்திய இதே மாதிரி நிகழ்ச்சியில் மிட்நைட்டர்ஸின் பின்பக்கத்துப் பாட்டுக்குப் பிள்ளைகள் வெறிபிடித்து ஆட ஆரம்பித்தார்கள். டீன் இதைக் கிளார்க்கிடம் சொன்னார். கிளார்க் தன் நிகழ்ச்சியில் போட்டுப் பார்த்தார், அங்கேயும் அதே கதை.

அப்போ பாலார்டையே கூப்பிட்டுப் பாட வெச்சிருக்கலாமே?

இதற்கு இரண்டு பதில் உலவுகிறது. ஒன்று, கூப்பிட்டார்கள், அவர் வேறு இடத்தில் நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை. இன்னொன்று, ஆனி பாட்டுகளால் வந்த பெயர். மாலை நேரத்தில் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சிக்கு ஆனிக்குக் குழந்தை பெற்றுக்கொடுத்த ஆள் எப்படி?

இரண்டாவதுதான் கனமான காரணம் என்று நான் நினைக்கிறேன். 1960இல் கிளார்க்கின் நிலைமையையும் பாருங்கள். பாட்டைப் போடுவதற்கு டி.ஜே.க்கள் காசு வாங்குகிறார்கள் என்ற ‘பேயோலா’ விவகாரத்தில் அந்த வருடம் நாடாளுமன்றக் குழு அவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருந்தது, இசை நிறுவனங்களில் இருந்த பங்குகளையெல்லாம் அவர் கைகழுவ வேண்டியதாயிற்று. அப்படி ஒரு நேரத்தில் யாரும் வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள். உள்ளூரிலேயே, சுத்தமான முகத்தோடு, அதே குரலில் பாட ஓர் ஆள் வேண்டும். பிலடெல்ஃபியாவில் கேமியோ-பார்க்வே நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருந்தார்.

சப்பி செக்கர்னெல்லாம் ஒரு பேரா?

சொந்தப் பெயர் எர்னஸ்ட் எவன்ஸ். 1941இல் தென் கரோலினாவில் பிறந்து தெற்கு பிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர். பள்ளி நேரம் போக கோழிக் கடையில் வேலை, கூடவே கடைக்கு வருகிறவர்களுக்குப் பாட்டும் குரல் மிமிக்ரியும். கடைக்காரர்தான் அவரை இசைக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அப்போது பெரிய நட்சத்திரமாக இருந்த ஃபேட்ஸ் டாமினோவை அவர் பாடிக் காட்டியபோது டிக் கிளார்க்கின் மனைவி வேடிக்கையாக அந்தப் பெயருக்கு எதிர்ப்பாட்டு மாதிரி ஒன்றை வைத்தார். ஃபேட்ஸ் என்றால் குண்டு, சப்பி என்றால் கொழுகொழு. டாமினோ ஒரு விளையாட்டு, செக்கரும் ஒரு விளையாட்டு.

1959இல் வந்த அவருடைய முதல் தட்டு ‘தி கிளாஸ்’ முழுக்க முழுக்க மிமிக்ரிதான். வகுப்பில் ஆசிரியர் கேட்கக் கேட்க எல்விஸ், ஃபேட்ஸ் டாமினோ என்று ஒவ்வொரு பாடகர் குரலிலும் ஒரே குழந்தைப் பாட்டைப் பாடுவார். இப்போது புரிகிறதா, அடுத்த வருடம் ஹாங்க் பாலார்ட் குரல் வேண்டும் என்றபோது ஏன் இவரைப் பிடித்தார்கள் என்று?

ரெண்டு பதிவுக்கும் என்னதான் வித்தியாசம்? எனக்கு ஒண்ணாத்தான் கேட்குது.

பாலார்டுக்கே அப்படித்தான் கேட்டது. மயாமியில் நீச்சல் குளத்தில் இருந்தபோது வானொலியில் அந்தப் பாட்டு வந்தது, கடைசியில் நம் பாட்டைப் பொதுவான நிலையங்களும் போட ஆரம்பித்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன், அப்புறம்தான் அது நானில்லை என்று தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வரி, மெட்டு, இழுக்கிற இடம், வெட்டுகிற இடம் எல்லாம் நகல்.

ஹெட்போனில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாலார்ட் பதிவில் ஒரு கரகரப்பு, இரவு விடுதியின் புகை வாசனை இருக்கும், குழுவினரின் பின்குரல் உரசிக்கொண்டே வரும். செக்கர் பதிவில் எலிஸ் டோலினின் டிரம்ஸ் முன்னால் வந்து நின்றுகொள்கிறது, படி சாவிட்டின் டெனர் சாக்ஸபோன் பளிச்சென்று நுழைகிறது, டிரீம்லவர்ஸ் குழுவின் பின்குரல் வழவழப்பாக இருக்கிறது. செக்கரின் குரலில் 18 வயசு தெரியும். ஆடத் தூண்டுவதில் அது ஒரு படி மேல்தான், மூலப் பதிவின் ரசிகனாக இருந்தும் இதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரர் கறுப்பர் பாட்டை எடுத்துப் பாடி பேர் வாங்கின கதைதானே இதுவும்?

அப்படி இல்லை, ஆனால் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று புரிகிறது. பாலார்ட், செக்கர் இரண்டு பேருமே கறுப்பினத்தவர்.

நீங்கள் சொல்கிற கதை பாலார்டுக்கு வேறு பாட்டில் நடந்தது. ஆனி பாட்டுக்குப் பதில் பாட்டாக எட்டா ஜேம்ஸ் 1955இல் ‘தி வால்ஃபிளவர்’ பாடினார். அதை ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாடகி "உருளு" என்று வந்த இடத்தில் "ஆடு" என்று மாற்றி, சலவை செய்து பாடினார், அது முதலிடத்துக்குப் போய்விட்டது. ‘தி ட்விஸ்ட்’ விஷயத்தில் நிறம் மாறவில்லை, வார்த்தையும் மாறவில்லை. மாறியது ஆள் மட்டும்: 32 வயசு, விடுதி மேடை, கெட்ட பெயர் போய், 18 வயசு, சிரித்த முகம், தொலைக்காட்சிக்கு ஏற்ற பிள்ளை.

பாலார்டுக்கிட்ட அனுமதி வாங்கினாங்களா? அவருக்குக் காசாவது வந்துச்சா?

அனுமதி தேவையே இல்லை. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வெளிவந்துவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம், பிரதிக்கு 2 சென்ட் ராயல்டி கட்டிவிட வேண்டும். அந்தப் பணம் பாடியவருக்கு அல்ல, எழுதியவருக்கும் பாட்டின் பதிப்பாளருக்கும் போகும்.

அதனால் ‘திருட்டு’ என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்துவதில்லை. செக்கரின் தட்டு ஒவ்வொன்று விற்கும்போதும் எழுதியவர் பங்கு பாலார்டுக்குத்தான். அமெரிக்காவில் இன்னொரு வினோதமும் உண்டு. சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் வரும், பாடியவருக்கு ஒன்றும் வராது. அதாவது 1960இலிருந்து செக்கர் குரல் வானொலியில் வந்தபோதெல்லாம் அந்த வகையில் சம்பாதித்தது பாலார்ட் தரப்பு. போனது புகழ், மேடைக் கட்டணம், முகம். அது சின்ன இழப்பு இல்லை, ஆனால் அதற்குத் திருட்டு என்று பெயரும் இல்லை.

பாலார்ட் வாழ்க்கை அத்தோட முடிஞ்சுதா?

அதுதான் இல்லை. செக்கர் அலையில் பாலார்டின் மூலப் பதிவும் 1960இல் மறுபடி கிளம்பி ஹாட் 100இல் 28 வரை ஏறியது. அதே வருடம் அவருடைய ‘ஃபிங்கர் பாப்பின் டைம்’ 7ஆம் இடம், ‘லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ’ 6ஆம் இடம். வாழ்நாளிலேயே அவருக்கு நல்ல வருடம் அதுதான். 1990இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், குழுவினரை விட்டுவிட்டார்கள், 2012இல்தான் மிட்நைட்டர்ஸையும் சேர்த்துப் பரிகாரம் செய்தார்கள். பாலார்ட் 2003இல் காலமானார்.

ரெண்டு தடவை முதலிடம் வந்துச்சாமே? ஒரே பாட்டு எப்படி?

ஆமாம், ஒரே பதிவுதான். முதல் தடவை 1960 செப்டம்பரில் ஒரு வாரம். அது பள்ளிப் பிள்ளைகளின் வெற்றி. அவர்கள் வேறு ஆட்டத்துக்குத் தாவியதும் பாட்டு இறங்கிவிட்டது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

1961இல் விஷயம் பெரியவர்களிடம் போனது. நியூயார்க்கின் 45ஆம் தெருவில் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்று ஒரு சின்ன மதுக்கூடம். ஜோயி டீ அண்ட் தி ஸ்டார்லைட்டர்ஸ் என்ற குழு அங்கே வாசித்துக்கொண்டிருந்தது. பணக்கார வீட்டு ஆட்களும் திரை நட்சத்திரங்களும் அங்கே வந்து ட்விஸ்ட் ஆடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் கிசுகிசு வந்ததும் கூட்டம் தாங்கவில்லை. அக்டோபரில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் செக்கர் தோன்றினார், ஞாயிறு இரவு குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. தாத்தா பாட்டி வரைக்கும் ஆட்டம் போய்ச் சேர்ந்தது. 1962 ஜனவரியில் அதே தட்டு மறுபடி முதலிடம், இந்த முறை இரண்டு வாரம். அதைக் கீழே தள்ளியது எது தெரியுமா? அந்த மதுக்கூடத்துக் குழு போட்ட ‘பெப்பர்மின்ட் ட்விஸ்ட்’!

ஒரே பாட்டு பட்டியலை விட்டே வெளியேறி, வேறொரு வருடத்தில் மறுபடி வந்து முதலிடம் பிடிப்பது அதற்கப்புறம் மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு வரும் வரை நடக்கவில்லை. அது 2019இல் முதலிடம் பிடித்து 2020இல் திரும்ப வந்தது.

ஆட்டத்தை யார் கண்டுபிடிச்சது? செக்கரா, பாலார்டா?

இரண்டு பேரும் இல்லை. இடுப்பைத் திருகி ஆடுவது அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்த அசைவு, கறுப்பின மக்களின் ஆட்டங்களில் வெவ்வேறு பெயரில் ரொம்பக் காலமாக இருந்தது. 1912இல் பெர்ரி பிராட்ஃபோர்ட் எழுதிய ‘மெஸ்ஸின் அரவுண்ட்’ பாட்டிலேயே இடுப்பில் கை வைத்து, ஒரே இடத்தில் நின்று திருகச் சொல்லும் குறிப்பு இருக்கிறது.

செக்கர் செய்தது அதை யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற அளவுக்கு எளிதாக்கி, தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்தது. அவர் விளக்கம் பிரசித்தம்: இரண்டு காலாலும் சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி காலைத் திருப்பு, குளித்துவிட்டு வந்து துண்டால் பின்பக்கத்தைத் துடைக்கிற மாதிரி கையை ஆட்டு. இதைப் படித்துவிட்டு யாரும் பார்க்காதபோது ஒரு தடவை ஆடிப் பாருங்கள், வந்துவிடும். முழங்காலை லேசாக மடித்து, எடையை முன்பாதத்தில் வையுங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு வழுவழுப்பான தரையில் ஆடினால் இன்னும் சுலபம், முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம்.

இதுல என்ன அப்படித் தப்பு? தடையெல்லாம் போட்டாங்களாமே?

பார்க்கப்போனால் ஆண் பெண் தொட்டுக்கொள்ளாத ஆட்டம், பெரியவர்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் இடுப்பு ஆடியது. பஃபலோ நகரத்துக் கத்தோலிக்க ஆயர் தன் மறைமாவட்டப் பள்ளிகளில் தடை விதித்தார். 1962 மே மாதம் கான்சஸில் தன் பெயரிலான நூலகத் திறப்பு விழாவில் முன்னாள் அதிபர் ஐசனோவர் இந்த ஆட்டத்தைச் சுட்டி, அழகு, கண்ணியம், ஒழுக்கம் பற்றிய நம் எண்ணமெல்லாம் எங்கே போனது என்று வருத்தப்பட்டார். உலகப் போரில் படை நடத்திய தளபதி!

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது வேறு. ஜோடி கையைப் பிடித்து, ஆண் நடத்த, பெண் பின்தொடர ஆடுவதுதான் அதுவரை கூடங்களில் வழக்கம். ட்விஸ்ட்டில் யாரும் யாரையும் நடத்துவதில்லை. ஸ்டெப் தெரியாதவரும், ஜோடி கிடைக்காதவரும்கூட இறங்கலாம். மேஷ்ட் பொட்டேட்டோ, வட்டூசி என்று பின்னால் வரிசையாக வந்த ஆட்டங்களும் டிஸ்கோ கூடங்களும் இந்த வழியில்தான் போயின.

‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’, ‘லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்’ எல்லாம் இதே பாட்டோட வேற வேற பேரா?

இல்லை, தனித்தனிப் பாட்டுகள். ‘லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்’ 1961இல் செக்கரே பாடியது, போன கோடையில் ஆடினோமே, மறுபடி ஆடலாமா என்று கேட்பது. அதற்குத்தான் கிராமி விருது கிடைத்தது. ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ ஃபில் மெட்லி, பெர்ட் பெர்ன்ஸ் எழுதியது. 1961இல் டாப் நோட்ஸ் பாடி எடுபடாமல், 1962இல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடி ஓடியது. பீட்டில்ஸ் அதை 1963 பிப்ரவரியில், நாள் முழுக்கப் பாடிய பிறகு கடைசிப் பாட்டாக, ஜான் லெனனின் தொண்டை கிழியக் கிழியப் பதிவு செய்தார்கள். பாலார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பெப்பர்மின்ட் ட்விஸ்ட்’ பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நம்ம சினிமாவுக்கு இது வந்துச்சா?

வந்தது. கையும் களவுமாகப் பிடிக்கக்கூடிய உதாரணம் இந்தியில் இருக்கிறது. 1965இல் வந்த ‘பூத் பங்களா’ படத்தில் ஆர்.டி. பர்மன் இசையில் மன்னா டே பாடிய ‘ஆவோ ட்விஸ்ட் கரே’, மேலே சொன்ன ‘லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்’ பாட்டைத் தழுவியது. அறுபதுகளின் தமிழ்ப் படங்களிலும் கிளப் பாட்டு, கல்லூரிப் பாட்டு என்றால் இந்த இடுப்புத் திருகல் தவறாமல் வரும். ஆனால் அது பெரும்பாலும் ஆட்டம் வந்த கதை, பாலார்டின் மெட்டு வந்த கதை இல்லை.

இவ்வளவு பேர் கிடைச்சும் செக்கர் ஏன் குறைபட்டுக்கிட்டே இருந்தாரு?

ஒரு பாட்டு ஓர் ஆளை விழுங்கிவிட்டது என்பதால். ‘போனி டைம்’ 1961இல் முதலிடம் வந்தது, 1962இல் ‘லிம்போ ராக்’ பெரிய ஹிட், ஆனாலும் மேடை ஏறினால் ட்விஸ்ட் என்றுதான் கத்துவார்கள். நல்ல இரவு விடுதிப் பாடகனாக வந்திருக்க வேண்டியவன், இந்தப் பாட்டு என்னை அழித்துவிட்டது என்கிற அர்த்தத்தில் அவரே பேசியிருக்கிறார். ஹால் ஆஃப் ஃபேம் கதவு அவருக்குத் திறந்தது 2025இல்தான், எழுதியவருக்குத் திறந்து 35 வருடம் கழித்து. செக்கர் ‘ஒரு பாட்டுக்காரர்’ என்ற இளக்காரம் எனக்கு நியாயமாகப் படவில்லை. மிமிக்ரி செய்யக் கூப்பிட்ட பையன் நாட்டையே ஆட வைத்தது குரல் ஒற்றுமையால் மட்டும் நடக்காது.

எல்லாத்தையும் கேட்கணும்னா எதுலேர்ந்து ஆரம்பிக்கறது?

டிரிஃப்டர்ஸின் ‘வாட்சா கோனா டூ’, அப்புறம் மிட்நைட்டர்ஸின் ‘இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்’. அதற்கடுத்து அவர்களே 1958 தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் ஒத்திகை மாதிரி பதிவு செய்த ‘தி ட்விஸ்ட்’, இது பிற்காலத் தொகுப்புகளில் சேர்க்கப்பட்டது. கால் கிரீனின் கிட்டார் புளூஸ் கலைஞர் ஜிம்மி ரீட் பாணியில் சோம்பலாக நடக்கும், இது எப்படி ஆட்டப் பாட்டாயிற்று என்று ஆச்சரியமாக இருக்கும். அதற்குப் பிறகு சின்சினாட்டிப் பதிவு, கடைசியாகச் செக்கர். ஐந்தையும் சேர்த்தாலும் கால்மணி நேரம்கூட ஆகாது. செக்கரிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகாதீர்கள், அப்படிப் போனால் மற்ற நான்கும் மாதிரிப் பதிவு போலவே கேட்கும்.